கதவு வைத்த கைகள்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த விண்டோக்கள் அனைத்தும் அப்படியே ஒரு பக்கமாக நகர்ந்து மறைய, மறுபக்கத்திலிருந்து வெறும் டெஸ்க்டாப் ஒன்று வந்து நிற்கும். எதுவும் மூடப்படவில்லை; எதுவும் டாஸ்க்பாருக்குள் சுருக்கப்படவும் இல்லை. விண்டோஸ் விசையையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு இடது அம்பை அழுத்தினால் பழையவை எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடி திரும்ப வரும். பாதியில் நின்ற வாக்கியத்தின் முனையில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். எக்செல் தாளில் எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தீர்களோ, அதே கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு இருக்கும்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்கிற இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலோர் ஒரு வசதியாக மட்டும் அறிந்திருக்கிறார்கள். எனக்கு இது நின்று ரசிக்க வேண்டிய ஒரு கைவேலை. திரையைப் பல அறைகளாகத் தடுப்பது பெரிய காரியம் இல்லை. தடுத்த பிறகுதான் உண்மையான கேள்விகள் எழுகின்றன. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறவர் கூடவே எது வர வேண்டும்? எது அங்கேயே இருக்க வேண்டும்? திரும்பும் வழி எப்படித் தெரிய வேண்டும்? ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் பல கைகள் இக்கேள்விகளுக்குத் தந்த விடைகளில்தான் இதன் அழகெல்லாம் இருக்கிறது. சுவரை யாரும் எழுப்பிவிடலாம். கதவை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும்.

முதலில் இந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1984-இல் வந்த மெக்கின்டாஷின் திரை 9 அங்குலம். அதில் குறுக்கே 512, நெடுக்கே 342 புள்ளிகள். ஒரு தாளின் பாதியைக் காட்டுவதற்கே அது திணறும். விண்டோக்கள் ஒன்றையொன்று மறைத்துக் கிடக்கலாம் என்கிற ஏற்பாடு, சிறிய திரையில் நிறைய வேலைக்கு இடம் கொடுத்தது. கூடவே ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதை நகர்த்த வேண்டும். நகர்த்தியது இன்னொன்றை மறைக்கும். அதை எடுக்க மறுபடி நகர்த்த வேண்டும். வேலை செய்யும் நேரத்தை, வேலைக்கு இடம் ஒதுக்குவதே தின்றுவிடும்.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்டு என்ற இருவர் இந்தத் தொல்லையை உற்றுப் பார்த்தார்கள். பார்த்தபோது அது அவர்களுக்கு வேறோர் இடத்தில் கண்ட தொல்லையாகத் தெரிந்தது. கணினியின் முதன்மை நினைவகம் சிறியது, புரோகிராம் பெரியது. ஆகவே புரோகிராமைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து, தேவையானவற்றை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வட்டில் வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்வது வழக்கம். இடம் மிகவும் குறைந்துபோனால் இயந்திரம் பக்கங்களை மாற்றி மாற்றி எடுப்பதிலேயே களைத்து, கணக்கு எதையும் முடிக்காமல் கிடக்கும். எந்த ஒரு புரோகிராமும் எந்த ஒரு நேரத்திலும் தன் பக்கங்களில் ஒரு சிறு தொகுதியைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறது. அந்தத் தொகுதி முழுவதும் நினைவகத்தில் இருந்துவிட்டால் போதும் என்று 1968-இல் பீட்டர் டென்னிங் காட்டியிருந்தார்.

மனிதரும் அப்படித்தான் விண்டோக்களைத் தொடுகிறார் என்று ஹெண்டர்சனும் கார்டும் கண்டார்கள். கடிதம் எழுதும்போது நான்கைந்து விண்டோக்களுக்குள்ளேயே சுற்றிவருகிறார். வேலை மாறியதும் வேறு நான்கைந்துக்குத் தாவுகிறார். தொகுதிக்குள் போக்குவரத்து அதிகம். தொகுதிக்கும் தொகுதிக்கும் இடையே குறைவு. அப்படியானால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு முழுத்திரையைக் கொடுத்துவிடலாமே! இயந்திரத்தின் நினைவகத்துக்குச் சொன்ன தீர்வை மனிதரின் கண்ணுக்கும் கைக்கும் மாற்றிச் சொன்ன இந்தத் தாவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. குப்பையாகத் தெரிந்ததில் ஓர் ஒழுங்கு இருப்பதை முதலில் கண்டுகொண்டு, அந்த ஒழுங்கின் வழியே தீர்வை வெட்டினார்கள்.

அவர்கள் செய்த அமைப்பின் பெயர் ரூம்ஸ். அதைப் பற்றிய கட்டுரை 1986-இல் வெளிவந்தது. இன்று நம் கணினிகளில் இருப்பதில் பெரும்பகுதி அதில் அப்போதே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகக் கதவு உண்டு. கதவு என்பது திரையில் ஒரு சிறு குறி; அதைச் சொடுக்கினால் அடுத்த அறை. இதுவரை யாரும் நினைத்துவிடக்கூடியதுதான். நயம் அடுத்த அடியில் இருக்கிறது. புதிய அறைக்குள் நுழைந்ததும், எந்த அறையிலிருந்து வந்தீர்களோ அதற்குத் திரும்பிப் போக ஒரு பின்கதவு தானாகவே அங்கே தோன்றும். அறைகளை அமைத்தவர் அதைத் தனியாகச் செய்து வைக்க வேண்டியதில்லை. ஐந்து அறைகளில் எதிலிருந்து வந்தாலும் பின்கதவு அந்த அறைக்கே திறக்கும். வேலையின் நடுவே வேறோர் அறைக்குப் போகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு உடனே திரும்பவே போகிறார். அவர் மனத்தில் இருக்கும் ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்பதை அமைப்பும் நினைவில் வைத்துக்கொள்கிறது. தான் எங்கிருந்து வந்தோம் என்பதை அவர் நினைவில் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்தது மூட்டை. கதவைத் தாண்டும்போது, இந்த விண்டோவை என்னோடு எடுத்துப்போகிறேன் என்று தேர்ந்தெடுத்து, கையோடு கொண்டுபோகலாம். அதற்கும் அடுத்தது சட்டைப்பை. அதில் போட்டு வைத்த விண்டோ எந்த அறைக்குப் போனாலும் கூடவே, அதே இடத்தில் இருக்கும். கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கடிகாரம் தேவை. ஆனால் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக மாட்டி வைப்பது வீண் வேலை. மூட்டை ஒரு தடவைக்கு, பை எப்போதைக்கும். கூட வருவதில் இப்படி இரண்டு வகை உண்டு என்று பிரித்துக் கண்டதுதான் நுட்பம். ‘இப்போது தேவை’ என்பதும் ‘எப்போதும் தேவை’ என்பதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

ரூம்ஸின் எல்லா அறைகளையும் ஒரே திரையில் சிறு படங்களாகக் காட்டும் முழுப்பார்வையும் உண்டு. ஒவ்வொரு சிறுபடத்துக்குள்ளும் அந்த அறையில் விண்டோக்கள் இருக்கும் இடமும் அளவும் குட்டிக் கட்டங்களாகத் தெரியும். அந்தக் கட்டங்களைக் கையாண்டே ஒரு விண்டோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றலாம். பார்ப்பதற்கு ஒரு படம், மாற்றுவதற்கு வேறொரு பட்டியல் என்று இல்லாமல், பார்க்கிற இடத்திலேயே மாற்ற முடிகிறது. விண்டோஸ் விசையையும் டேபையும் அழுத்தினால் இன்று வரும் டாஸ்க் வியூவும், மேக்கில் மூன்று விரலால் மேலே தள்ளினால் விரியும் மிஷன் கண்ட்ரோலும் இந்த முழுப்பார்வையின் வழிவந்தவை.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு கை வேறொரு வழியில் போனது. 1985-இல் வந்த அமிகா கணினியில் ஒரே நேரத்தில் பல ஸ்கிரீன்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தெளிவு, தனி வண்ணத்தொகுதி. குறுக்கே 320 புள்ளிகளும் 32 வண்ணங்களும் உள்ள ஓவியத் திரை ஒன்று, 640 புள்ளிகளும் குறைந்த வண்ணங்களும் உள்ள எழுத்துத் திரை ஒன்று. முன்னால் இருக்கும் ஸ்கிரீனின் தலைப்புப் பட்டையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், அது பாதிவரை இறங்கி நிற்க, மேல்பாதியில் பின்னால் உள்ள ஸ்கிரீன் தெரியும். இரண்டு தெளிவு, இரண்டு வண்ணத்தொகுதி, ஒரே கண்ணாடியில். அந்தக் காலத்து மானிட்டரில் மின்கற்றை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வரைந்துகொண்டு வரும். அமிகாவில் இருந்த காப்பர் என்ற சிறு துணைச் செயலி, கற்றை ஒரு குறிப்பிட்ட வரியை எட்டும் தருணம் பார்த்து, காட்சிச் சுற்றின் அமைப்புகளை மாற்றிவிடும். அந்த வரிக்கு மேலே ஓர் உலகம், கீழே ஓர் உலகம்.

இதில் என்னை ஈர்ப்பது அந்தப் பாதி இறக்கம்தான். ரூம்ஸில் ஓர் அறையில் இருக்கிறீர்கள், அல்லது இன்னொன்றில் இருக்கிறீர்கள். அமிகாவில் வரைந்துகொண்டே திரையைச் சற்று இறக்கி, பின்னால் ஓடும் வேலை முடிந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றிவிடலாம். போகாமலே பார்ப்பது என்பதும் மனிதருக்கு ஒரு தேவை. அதற்கு ஓர் உடலசைவைக் கொடுத்தார்கள்.

யூனிக்ஸ் உலகில் எக்ஸ் விண்டோ அமைப்பு பரவியபோது இந்த யோசனை பல வடிவம் எடுத்தது. சோல்போர்ன் நிறுவனத்துக்காக டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய எஸ்டபிள்யூஎம் என்ற விண்டோ மேலாளர் (திரையில் விண்டோக்களை அடுக்கி நிர்வகிக்கும் புரோகிராம்), தனித்தனி அறைகளுக்குப் பதிலாக ஒரே பெரும்பரப்பை எடுத்துக்கொண்டது. டெஸ்க்டாப் திரையைவிடப் பல மடங்கு பெரியது. திரை அதன்மேல் நகரும் ஒரு கண். முழுப்பரப்பின் குட்டி வரைபடம் ஒரு மூலையில் இருக்கும். அதில் ஒரு கட்டத்தை நகர்த்தினால் கண்ணும் நகரும். பரப்பு நகர்ந்தாலும் தான் நகராத விண்டோக்களும் அதில் உண்டு. ரூம்ஸின் சட்டைப்பையை இங்கே வேறொரு பெயரில் மீண்டும் காண்கிறோம்.

1990-களில் எச்பி, ஐபிஎம், சன் முதலான நிறுவனங்கள் கூடி உருவாக்கிய சிடிஇ என்ற டெஸ்க்டாப் சூழல், திரையின் அடியில் உள்ள பட்டையின் நட்டநடுவே நான்கு பொத்தான்களை வைத்தது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு அறைகளும் எப்போதும் கண்முன்னால், ஒரு சொடுக்கில். பெயர் பிடிக்கவில்லையென்றால் அந்தப் பொத்தானின் மேலேயே புதுப்பெயரை எழுதலாம்; அமைப்புகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு விண்டோ எந்தெந்த அறைகளில் இருக்க வேண்டும் என்று அதன் மெனுவிலேயே சொல்லலாம்: இந்த ஓர் அறை, இந்த இரண்டு, அல்லது எல்லாம். ‘ஒன்று அல்லது எல்லாம்’ என்று சுருக்காமல் நடுவே இருக்கும் ‘சில’வுக்கும் இடம் கொடுத்த அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

பின்கதவும் அழிந்துவிடவில்லை. மைக்கேல் ஸ்டேப்பல்பெர்க் 2009-இல் தொடங்கிய ஐ3 என்ற விண்டோ மேலாளரில் அறைகளுக்கு எண்களே பெயர். எண்ணை அழைத்தால் அறை உண்டாகும். காலி செய்துவிட்டு வெளியேறினால் மறையும். அதில் ஓர் அமைப்பு உண்டு: இருக்கிற அறையின் எண்ணையே மறுபடி அழுத்தினால், கடைசியாக எந்த அறையில் இருந்தீர்களோ அங்கே கொண்டுபோகும். இருக்கிற இடத்துக்கே போகச் சொல்வதில் பொருள் எதுவும் இல்லை. அப்படிப் பொருளற்றுக் கிடந்த ஒரு விசைக்குத் ‘திரும்பு’ என்ற பொருளைக் கொடுத்தார்கள். புது விசை எதையும் கற்க வேண்டியதில்லை. விரல் அதே இடத்தில் இரண்டாம் முறை தட்டினால் போதும். சிக்கனமும் அன்பும் ஒரே முடிவில் சேர்ந்திருக்கின்றன.

அறை மாறும்போது திரை எப்படி மாற வேண்டும் என்பது தனி நயம். சட்டென்று ஒரு படம் போய் இன்னொன்று வந்தால், பழையது எங்கே போனது என்று மனம் ஒரு கணம் தடுமாறும். நகர்ந்து போனால், ‘இடப்பக்கம் இருக்கிறது’ என்று உடம்புக்கே தெரிந்துவிடும். 2006-இல் லினக்ஸ் கணினிகளில் பரவிய காம்பிஸ் என்ற விண்டோ மேலாளர் இதைக் கனசதுரமாகச் செய்து காட்டியது. நான்கு டெஸ்க்டாப்களும் ஒரு கனசதுரத்தின் நான்கு பக்கங்கள். மாறும்போது கனசதுரம் சுழலும். பலர் அதை வெறும் கண்கட்டு வித்தையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது ஒரு செய்தியைச் சொன்னது: நான்காவதுக்கு அடுத்தது முதலாவது. வரிசைக்கு முடிவில்லை, சுற்றி வரலாம் என்பதை எழுத்து எதுவும் இல்லாமல் அந்த உருவமே விளக்கிவிட்டது.

மேக்கில் இது வேறு விதம். 2007-இல் லெப்பர்டு பதிப்போடு வந்த ஸ்பேசஸ், 16 இடங்கள் வரை நிரல் நிரையாக அடுக்கியது. 2011-இல் லயன் பதிப்பு அதை ஒரே வரிசையாக்கியது. மேலும் கீழும் போன வழி அடைபட்டதில் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கும். எனினும் டச்பேடில் விரல்களை வைத்துத் தள்ளும்போது வரிசை எவ்வளவு பொருந்துகிறது என்று கவனியுங்கள். திரை விரலோடு ஒட்டி நகர்கிறது. பாதிவரை தள்ளிவிட்டு மனம் மாறி விரலைத் திருப்பினால் திரையும் திரும்புகிறது. கடைசி டெஸ்க்டாப்பில் நின்று மேலும் தள்ளினால், சற்றே இழுபட்டு மறுபடி தன் இடத்துக்கு வருகிறது. இதற்கு அப்பால் எதுவும் இல்லை என்பதை முட்டாமல் தடுக்காமல் சொல்கிறது. நகரும் காட்சியால் தலைசுற்றல் வருகிறவர்கள் அசைவைக் குறைக்கும் அமைப்பை இயக்கினால், அதே மாற்றம் நகர்வாக இல்லாமல், ஒன்று மங்கி மற்றொன்று தெளியும் காட்சியாக நடக்கும்.

மேக்கில் மூட்டைக்கும் ஓர் அழகான வழி உண்டு. ஒரு விண்டோவின் தலைப்பை மவுஸால் அழுத்திப் பிடித்தபடியே கண்ட்ரோலையும் அம்பு விசையையும் தட்டுங்கள். பின்னால் டெஸ்க்டாப் நகர்ந்து மாறும். கையில் பிடித்திருக்கும் விண்டோ மட்டும் நகராமல் கையிலேயே இருக்கும். விரலை எடுத்தால் புதிய அறையில் அமர்ந்துவிடும். பிடித்திருப்பது வரும், பிடிக்காதது நிற்கும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லாத அளவு இயல்பான ஒரு விதி.

மனத்துக்கு மிக நெருக்கமான நுணுக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் சூழல், எத்தனை அறைகள் வேண்டும் என்று கேட்பதையே விட்டுவிட்டது. வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு காலி அறை இருக்கும். அதில் ஒரு விண்டோவைத் திறந்ததும் அதற்கு அடுத்து இன்னொரு காலி அறை வந்துவிடும். பந்தியில் ஒருவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் அடுத்தவருக்கு இலை போட்டுவைப்பது மாதிரி, இடம் கேட்டு வாங்க வேண்டியதாக இல்லாமல் முன்கூட்டியே விரிந்திருக்கிறது. நடுவில் ஓர் அறை காலியானால் அது தானாக நீங்கி, வரிசை நெருங்கிக்கொள்ளும்.

இந்த விதியைக் கண்மூடித்தனமாக நடத்தினால் தொல்லை வரும். இருக்கிற அறையின் கடைசி விண்டோவை மூடுகிறீர்கள். காலியாகிவிட்டது என்று காலடியிலிருந்து அறையை உருவிவிட்டால்? க்னோம் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் அந்த அறையில் இருக்கும்வரை அது காலியாக இருந்தாலும் நிற்கும்; நீங்கள் வெளியேறிய பிறகுதான் நீங்கும். இன்னும் நுட்பமான ஒன்று அதன் நிரலுக்குள் இருக்கிறது. ஓர் அறையின் கடைசி விண்டோ மூடப்பட்ட பின்பும் ஒரு வினாடி அந்த அறையைக் காத்து வைக்கிறது. ஒரு விண்டோவை மூடிவிட்டு உடனே அதற்குப் பதிலாக இன்னொன்றைத் திறக்கும் புரோகிராம்கள் உண்டு. அந்த இடைவெளியில் அறை மறைந்துபோனால் இரண்டாவது விண்டோ வேறெங்கோ போய் விழும். தொடங்கிவிட்டு இன்னும் திறக்காமல் இருக்கும் புரோகிராமுக்காகவும் அதன் அறை காத்திருக்கிறது. பயன்படுத்துகிற எவருக்கும் இந்த ஒரு வினாடி கண்ணில் படாது. கண்ணில் படாமல் இருப்பதற்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த வினாடி அது.

வேறோர் அறையில் ஒரு விண்டோ தயாரானால் என்ன செய்ய வேண்டும்? உங்களை அங்கே இழுத்துக்கொண்டு போகலாம்; அல்லது அந்த விண்டோவை உங்கள் முன்னால் கொண்டுவந்து போடலாம். இரண்டுமே வேலையைக் கலைக்கும். க்னோம் பல சமயங்களில் மூன்றாவது வழியை எடுக்கிறது: இன்னது தயார் என்று ஒரு சிறு அறிவிப்பைக் காட்டிவிட்டு நிற்கிறது. போவதும் போகாததும் உங்கள் விருப்பம். கதவைத் தட்டலாம், ஆனால் உள்ளே புகுந்து கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்கிற மரியாதை அது.

கதவில்லாத சுவர் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2008-இல் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் விண்டோஸுக்காக டெஸ்க்டாப்ஸ் என்ற சிறு கருவியை வெளியிட்டார்கள். விண்டோஸின் உள்ளே ஏற்கனவே இருந்த டெஸ்க்டாப் என்ற அடிப்படை அமைப்பையே அது பயன்படுத்தி, நான்கு டெஸ்க்டாப்களைக் கொடுத்தது. சிறியது, தூய்மையானது, வேகமானது. ஆனால் அந்த அடிப்படை அமைப்பில் ஒரு விண்டோ எந்த டெஸ்க்டாப்பில் பிறந்ததோ அதோடு கட்டுண்டது. இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. செய்தவர்களே இதை வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 தன் சொந்த விர்ச்சுவல் டெஸ்க்டாப்போடு வந்தபோது, டாஸ்க் வியூவில் ஒரு விண்டோவைப் பிடித்து இன்னொரு டெஸ்க்டாப்பின்மேல் போட முடிந்தது. கதவு வந்ததும்தான் அறைகள் பயன்பட்டன.

விண்டோஸில் நான் விரும்பும் நுணுக்கம், ஓர் அறையை மூடும்போது நடப்பது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், எஃப்4 அழுத்தினால் அந்த டெஸ்க்டாப் போய்விடும். அதிலிருந்த விண்டோக்கள் போவதில்லை. பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்து சேர்ந்துவிடும். அறையைக் கலைப்பது வேறு, அறையில் நடந்த வேலையைக் கலைப்பது வேறு என்பதை அது மறக்கவில்லை. ‘சேமிக்கட்டுமா’ என்று பத்துக் கேள்விகள் எழுவதும் இல்லை.

இவை ஒன்றுகூடி ஒரு நாளின் வேலையில் எப்படி உதவுகின்றன என்று பார்க்கலாம். 14 அங்குல மடிக்கணினியில் மொழிபெயர்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டெஸ்க்டாப்பில் மூலம் இடப்பக்கமும் தமிழ் வலப்பக்கமும், வேறெதுவும் இல்லை. இரண்டாவதில் பிரவுசரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் ஓர் ஆங்கில அகராதியும். மூன்றாவதில் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் வலது அம்பு ஒரு தட்டு. அகராதிப் பக்கம் முன்பு பார்த்த இடத்திலேயே நிற்கிறது. பார்த்தாயிற்று, இடது அம்பு ஒரு தட்டு. வாக்கியம் காத்திருக்கிறது. ஆல்ட், டேப் அழுத்தினாலும் இந்த டெஸ்க்டாப்பில் உள்ள இரண்டு மட்டுமே வரிசையில் வருகின்றன. டாஸ்க்பாரிலும் இங்கே திறந்திருப்பவை மட்டுமே திறந்ததாகத் தெரிகின்றன. அமைப்புகளில் வேறாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தொடக்கத்தில் இப்படி வைத்திருப்பதே சரியான முடிவு. மின்னஞ்சல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவே. விண்டோஸ் 11-இல் ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனி வால்பேப்பர் வைக்கலாம் என்பதால், எங்கே நிற்கிறோம் என்பது படிக்காமலே தெரிகிறது.

இதனால் கணினியின் நினைவகம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். நான்கு அறையில் பிரித்து வைத்தாலும் நாற்பது டேப்களும் அதே இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சமாவது பார்க்கிறவரின் கவனம். ஹெண்டர்சனும் கார்டும் தொடக்கத்திலிருந்தே இயந்திரத்துக்குத் தெரிந்த ஒரு சிக்கனத்தை மனிதருக்குக் கொண்டுவரத்தான் முயன்றார்கள்.

ரூம்ஸில் இருந்த ஒரு நயத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். அதில் ஒரே விண்டோ இரண்டு அறைகளில் இருக்கலாம். அதுவும் ஓர் அறையில் பெரிதாக நடுவிலும், இன்னோர் அறையில் சிறிதாக மூலையிலும் இருக்கலாம். உள்ளடக்கம் ஒன்று, இடமும் அளவும் அந்தந்த அறைக்கு ஏற்றபடி. நம் மொழிபெயர்ப்பாளரின் அகராதி, எழுதும் அறையில் ஒரு மூலையில் ஒடுங்கியும், தேடும் அறையில் திரை நிறைந்தும் இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரே பொருளுக்கு ஒவ்வொரு வேலையிலும் வேறு வேறு முக்கியத்துவம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் அமைப்பு உணர்ந்து நான் கண்டதில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் க்னோமிலும் இன்று ஒரு விண்டோ ஓரிடத்தில் இருக்கிறது, அல்லது எல்லா இடத்திலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கிறது. அறைக்கேற்ற அளவும் இடமும் அவற்றுக்கு இன்னும் வரவில்லை. கதவும் பின்கதவும் மூட்டையும் பையும் ஒவ்வொன்றாக மீண்டு வந்தபோது நம் வேலை எளிதானது. எஞ்சியிருக்கும் இந்த ஒன்றையும் அடுத்து விண்டோ மேலாளர் எழுதப்போகிற யாரேனும் கையில் எடுக்க வேண்டும். அதற்கான வரைபடம் 1986-லிருந்து தயாராக இருக்கிறது.